நீர் என்றால் கறுப்பு

எங்கள் ஸ்கேனில் நீர் என்றால் கறுப்பு.
பித்தப்பை, சிறுநீர்ப்பை, பனிக்குடம்.
எட்டு வருடமாகக் கறுப்பைப் பார்த்து
அளவெடுத்து எழுதுகிறவள் நான்.
செல்போன் வரைபடத்திலோ
சிட்டங்குடிக் கண்மாய் பச்சையாக இருக்கிறது.
விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறேன்,
பாசியா, சீமைக் கருவேலா,
உள்வாயில் எவரோ விதைத்த நெல்லா,
சொல்ல முடியவில்லை.
படம் எடுத்த தேதியும் இல்லை.

மேலூர் தாண்டி, கொட்டாம்பட்டி ரோட்டில்
எங்கேயோ வலது பக்கம் திரும்பவேண்டும்.
நால்வரில் ஒருவரும் பார்த்ததில்லை.
அதனால்தான் அது, என்கிறான் குபேந்திரன்.
வண்டியூர்க் கரையில் நின்றால்
அவன் சாயப்பட்டறை ஆள் ஒருவர்
பைக்கை நிறுத்தி
என்ன இந்தப் பக்கம் என்பார்.

எட்வினிடம் கூடாரம் இருக்கிறது.
கொடைக்கானலுக்கென்று வாங்கி,
கொடைக்கானலில் மழையென்று லாட்ஜில் படுத்து,
விலைச்சீட்டு கிழிக்காமல் பரணில் கிடந்தது.
ஞாயிறு மத்தியானம்
எங்கள் மொட்டைமாடியில் விரித்தோம்.
முளை அடிக்க மண் இல்லை,
மூலைக்கு ஒரு செங்கல்.
உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு
ஜெபராணி கேட்டாள்:
"பாம்புக்கு ஜிப்பைத் தெறக்கத் தெரியுமா?"
யாரும் சிரிக்கவில்லை.
சற்றுப் பொறுத்து எல்லோரும் சிரித்தோம்.

அன்றே தூண்டில் வீசிப் பழகினோம்.
பந்தல்காரரிடம் கெஞ்சி வாங்கிய மூங்கில்,
ஹவாய் செருப்பில் வெட்டிய தக்கை.
என் முதல் வீச்சில்
அடுத்த மாடிக் கொடியில் காய்ந்த
கணக்கு டீச்சர் வளர்மதியின் நைட்டி சிக்கியது.
சுண்டி இழுக்க, கிளிப் தெறித்து,
இரண்டு கையும் விரித்தபடி
சுவர் தாண்டி வந்தது.
இதுவரை எங்கள் கணக்கில் அது ஒன்றுதான்.

எங்கள் தெருவுக்குப் பேவர் பிளாக் போட்டாயிற்று.
ஸ்கேன் சென்டருக்குப் பின்னால்
ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில்
குரோட்டன்ஸ் தொட்டியை நகர்த்தினால்
மண்புழு நெளிகிறது.
நேற்று டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் லீவையும் சொல்லியிருப்பேன்.

டீக்கடை ஒன்றில் கொடுத்த நம்பர்.
மாயழகு என்று பெயர். ஆடு மேய்க்கிறான், அல்லது
ஆடு மேய்க்கும் எவருக்கோ பக்கத்தில் நிற்கிறான்.
"தண்ணி கெடக்கா?"
"கெடக்கு."
"மீனு?"
"அதுவும் கெடக்கும்."
"தூண்டி போட்டா யாரும் கேப்பாகளா?"
"வலைன்னாத்தேன் ஏலம் எடுத்தவக வருவாக."
"ராத்திரி தங்கலாமா?"
கொஞ்ச நேரம் ஆட்டுமணி மட்டும்.
"எதுக்கு?" என்றான்.

எதுக்கு என்று
நாங்களே இன்னும் பேசிக்கொள்ளவில்லை.
சும்மாதான் என்றேன்.
சும்மாதானா, என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு
கலுங்குக்கு மேற்கே பாறை இருக்கு, என்றான்,
அங்கனதேன் கட்டெறும்பு வராது.
"ஆழம் எம்புட்டு இருக்கும் தம்பி?"
"நெறைஞ்சு கெடக்கயில யாருக்குத் தெரியும்?
வத்துனாத்தேன் தெரியும்."

ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் எங்கள் பட்டியல்.
கொசுவத்தி, டார்ச், மஞ்சள்தூள், உப்பு,
சட்டி ஜெபராணி, அரிசி நாங்கள்,
மீன் படாவிட்டால் இருக்கட்டும் என்று முட்டை பத்து.
கடைசியில் பழக்கதோஷம்,
ஆழம் என்று எழுதிப் புள்ளியிட்டு
அளவுக்கு இடம் விட்டேன்.
இப்படி விட்டால் டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார்.

இரவு ஒன்பதரைக்கு அவனே கூப்பிட்டான்.
"டவுன்ல கெளுத்தி முள்ளு கெடைக்குமாக்கா?
இங்கன கெடைக்கிறது நிமிர்ந்துபோகுது.
ரெண்டு வாங்கியாங்க, காசு தந்துர்றேன்."
ஆழத்துக்குக் கீழே எழுதிவைத்தேன்:
முள், ரெண்டு, மாயழகுக்கு.